ஒத்து ஊதுகிறவன் இளைத்தவனா?

"அவனா, சும்மா ஒத்து ஊதுறவன்பா!" இந்த வசனம் காதில் விழாத கல்லூரி விடுதி தமிழ்நாட்டில் இருக்காது. சொந்தமாக எதுவும் தெரியாதவன், பெரிய ஆள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவன் என்று அர்த்தம். ஜால்ராவுக்கும் இதே கதிதான். ஆனால் ஒத்து என்பது ஒரு வாத்தியம், அதை ஊத ஓர் ஆள் இருந்தார், அந்த ஆள் இப்போது ஏறக்குறைய காணாமலே போய்விட்டார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பங்குனி மாதம் புனர்பூசத்தன்று திருமழபாடிக்குப் போனால் இது புரியும். அன்று அங்கே நந்தி கல்யாணம். திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் மாப்பிள்ளை வீட்டாராகக் கொள்ளிடத்தைத் தாண்டி வந்து, நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம் நடத்தி வைக்கிறார்கள். "நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்" என்று ஒரு சொல் உண்டு என்பதால், வரன் தேடும் குடும்பங்களின் கூட்டம் சொல்லி மாளாது. சாமி கல்யாணம் என்றால் மேளம் இல்லாமலா? தவில் நெஞ்சில் இடிக்கும், நாதஸ்வரம் ஊரின் மறுகோடி வரை கேட்கும். சுருதி மட்டும் கேட்காது. அது வாசிப்பவர் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில், அவருக்கு மட்டும் கேட்கும்படி முனகிக்கொண்டிருக்கும்.

முன்பெல்லாம் அந்தச் சுருதியை ஒரு மனிதர் ஊதினார். ஒத்து பார்ப்பதற்கு நாதஸ்வரம் மாதிரியே இருக்கும், நீளம் கொஞ்சம் கூட. விரல் வைக்கத் துளை கிடையாது. கீழ்ப்பக்கம் இருக்கும் துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். அப்புறம் ஒரே ஸ்வரம்தான், நாதஸ்வரக்காரர் நிறுத்தும் வரை. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினால் சுருதி அறுந்துவிடும். அதனால் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் உள்ளே இழுக்க வேண்டும். நம்பாதவர்கள் ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவைப் போட்டு, குமிழி நிற்காமல் இரண்டு நிமிடம் ஊதிப் பார்க்கலாம். இளைத்தவன் யார் என்று தெரிந்துவிடும் :-)

இங்கே அயர்லாந்து வரை போய்வர வேண்டியிருக்கிறது. அங்கே இல்லன் பைப்ஸ் என்று ஒரு வாத்தியம். (போலீஸ் பேண்டில் தோளில் சாய்த்து வாயால் ஊதிக்கொண்டு நடப்பார்களே, அது ஸ்காட்லாந்து பைப். இது வேறு.) இதை உட்கார்ந்துதான் வாசிப்பார்கள். வலது முழங்கையால் ஒரு துருத்தியை அமுக்கி, இடது கைக்கடியில் இருக்கும் தோல்பையில் காற்றை நிரப்புவார்கள். பெயரில் உள்ள 'இல்லன்' ஐரிஷ் மொழியில் முழங்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ராகம் வாசிக்க ஒரு குழல். விடாமல் சுருதி கொடுக்க மூன்று குழல்கள். அதாவது நாதஸ்வரமும் ஒத்தும் ஒரே ஆளின் மடியில்! நம் ஒத்துக்காரர் கன்னத்தில் சேர்த்து வைத்த காற்றை அவர்கள் தோலில் சேர்த்து வைக்கிறார்கள்.

தோல்பை நமக்கும் புதிது இல்லை. சதிர் ஆட்டத்துக்கு வாசித்த சின்ன மேளத்தில், துத்தி என்று ஒரு தோல்பை வாத்தியம்தான் சுருதி கொடுத்தது. அதுவும் போய்விட்டது. (துருத்திக்குக் கொல்லன் பட்டறைத் தோல்பை என்று ஒரு பொருள், ஆற்றுக்கு நடுவில் இருக்கும் திட்டு என்று இன்னொரு பொருள். திருவையாற்றைச் சுற்றியுள்ள ஏழூரில் ஒன்றான திருப்பூந்துருத்தி இரண்டாவது வகை.)

சரி, அயர்லாந்தில் கவனிக்க வேண்டியது வாத்தியத்தை விட, அதை வாசிக்கும் இடம். பப் எனப்படும் மதுக்கடையின் ஒரு மூலையில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். 'செஷன்' என்று பெயர். பெரும்பாலும் மேடை இல்லை, மைக் இல்லை, நிகழ்ச்சி நிரல் இல்லை. வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், கேட்பவருக்கு அவர்கள் முதுகுதான் தெரியும். ஒருவர் ஒரு மெட்டை எடுப்பார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், இரண்டு மூன்று தடவை சுற்றியதும் இன்னொன்றுக்குத் தாவுவார்கள். பைப்பின் சுருதியைச் சட்டென்று மாற்ற முடியாது என்பதால் மற்ற வாத்தியங்கள்தான் அதற்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ள வந்தவன் வெளி வட்டத்தில் உட்காருவான். தெரிந்த மெட்டு வந்தால் மெதுவாகச் சேர்ந்துகொள்வான், தெரியாதது வந்தால் வாயை மூடிக்கொண்டு கேட்பான். பைப்பர் ஆக, கற்க ஏழு வருடம், சாதகம் ஏழு வருடம், வாசிக்க ஏழு வருடம் என்று அங்கே ஒரு சொலவடை. அந்த இருபத்தொரு வருடத்தில் பெரும்பகுதி இந்த வெளி வட்டத்தில்தான் கழியும் போலிருக்கிறது.

ஒத்து என்பதும் அப்படி ஒரு வெளி வட்டம்தான். குருவிடம் சேர்ந்த பையன் பலருக்கும் முதலில் கையில் கிடைத்தது தாளமோ ஒத்தோதான். விடிய விடிய நடக்கும் சாமி புறப்பாட்டில் குருவின் பக்கத்தில் நின்று, அவர் மல்லாரியை எங்கே எடுக்கிறார், ஆலாபனையை எந்த வீதி முனையில் எப்படி வளர்க்கிறார், தவில்காரருக்கு எப்போது கண் ஜாடை காட்டுகிறார் என்று ஒன்று விடாமல் கேட்பான். வாயும் மூச்சும் சும்மா இருக்காது என்பதால் கேள்வி கேட்கக்கூட முடியாது. இதைவிடச் சிறந்த வகுப்பறை எது?

பெட்டி வந்ததும் இந்த இடம் போயிற்று. பெட்டிக்குப் பணம் ஒரே தடவை. பையனுக்குச் சாப்பாடு, பஸ் சார்ஜ், பங்கு எல்லாம் ஒவ்வொரு தடவையும். நாலு பேர் பிழைப்பதே கஷ்டமான குழுவில் ஐந்தாவது ஆளை வைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பெட்டியின் சுருதி பிசகாது என்பதும் உண்மை. ஒத்து ஊதியே காலம் கழித்து, கடைசி வரை ஒரு கீர்த்தனை வாசிக்கச் சந்தர்ப்பம் கிடைக்காதவர்கள் இருந்திருப்பார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். அது மட்டுமா, அந்த இடம் பெரும்பாலும் குறிப்பிட்ட சில சாதிக் குடும்பத்து ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்தது.

உறுத்துவது இதுதான். இன்று பெரம்பலூர் மாதிரி ஊர்களில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. யார் வேண்டுமானாலும், பெண்களும்கூட, மூன்று வருடம் நாதஸ்வரம் படிக்கலாம். எவ்வளவு நல்ல விஷயம்! ஆனால் படித்து முடித்துச் சான்றிதழோடு வெளியே வருகிற பிள்ளைக்கு, பெரிய வித்வான் பக்கத்தில் நின்று ராத்திரி முழுக்கக் கேட்க ஓர் இடம் இல்லை. பரம்பரைக் குடும்பத்துப் பையனுக்கு வீட்டிலேயே அது கிடைக்கும். முதல் தலைமுறைக்காரனுக்குத் தெருவில் மட்டும்தான் கிடைக்கும். கதவைத் திறந்துவிட்ட நேரத்தில் திண்ணையை இடித்துவிட்டோம்.

இல்லன் பைப்ஸும் ஒரு காலத்தில் போய்ச் சேர வேண்டியதுதான். அதற்கென ஒரு சங்கம் 1968ல் தொடங்கியபோது வாசிப்பவர்கள் நூறு பேர்கூட இல்லை என்பார்கள். 2017ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. வகுப்பு நடத்தினார்கள், நாக்குச் செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். வகுப்பு முடிந்து வந்தவனுக்கு மூலை மேஜையில் ஒரு நாற்காலியும் இருந்தது.

எல்லாக் கல்யாண மண்டபத்திலும் ஒத்து வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. திருமழபாடி நந்தி கல்யாணம், திருவையாற்று ஏழூர்த் திருவிழா மாதிரி வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய புறப்பாடுகளில் மட்டும் செய்து பார்க்கலாம். ஒத்து ஊத ஓர் இசைப்பள்ளி மாணவர், அவருக்கு ஒரு நாள் சம்பளம். குழுவின் பங்கில் கை வைக்காமல் கோயில் கணக்கிலிருந்தோ உபயதாரரிடமிருந்தோ கொடுக்க வேண்டும். வாணவேடிக்கைக்கு ஆகும் செலவில் இது எந்த மூலைக்கு? வாத்தியமும் பெரிய பிரச்சினை இல்லை. 2022ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்தைக் கடைகிற கைகள் கும்பகோணம் பக்கத்தில்தான் இருக்கின்றன, அதுவும் விரல் துளை போடும் வேலைகூட இல்லை. விழா பத்திரிகையில் நாதஸ்வரம், தவில் வித்வான்களின் பெயருக்குக் கீழே 'ஒத்து' என்று ஒரு வரி சேர்த்து, எதிரே ஒரு மாணவியின் பெயரை அச்சடித்தால் ஊரே நின்று படிக்கும்.