முதலில் அறை, பிறகு ஒலிபெருக்கி

நல்ல ஒலியில் இசை கேட்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு இளமையிலேயே தோன்றினாலும், அதை நிறைவேற்றிக்கொள்ளும் வசதி நாற்பது வயதை ஒட்டியே வாய்க்கிறது. வீட்டுக் கடனின் பாரம் சற்றுக் குறைகிறது. பிள்ளைகளின் படிப்புச் செலவு ஒரு கணக்குக்குள் வருகிறது. ஊக்கத்தொகையில் ஒரு பகுதி கையில் நிற்கிறது. அந்தப் பணத்தை விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளில் இடுவதா, உயர்தர ஹெட்போனில் இடுவதா என்ற கேள்வி அப்போது எழுகிறது. பார்வைக்கு இது ரசனை சார்ந்த கேள்வி. ஆனால் இதில் பாதி குடும்ப வரவு செலவு சார்ந்தது. ஆகவே வங்கிப் பணியில் இருக்கும் நாங்கள் இதைப் பற்றிக் கருத்துச் சொல்வது பொருத்தமற்றதன்று.

எங்கள் கருத்து இதுதான்: இசைக்கென்று ஓர் அறையை ஒதுக்க இயலாதவர்கள், உயர்தரத்துக்கான பணத்தை ஹெட்போனில் இடுவதே முறை. ஒலிபெருக்கிகளுக்கு, வீட்டார் கூடிக் கேட்பதற்குத் தேவையான அளவு மட்டும் செலவிட்டால் போதும்.

இதற்கு முதற் காரணம் அறை. ஒலிபெருக்கியை வாங்குகிறவர் பெட்டியை மட்டுமே வாங்குகிறார். காதில் விழுவதோ பெட்டியும் அறையும் சேர்ந்து எழுப்பும் ஒலி. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. எனவே 40 ஹெர்ட்ஸ் அளவுள்ள தாழ்ந்த ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். நம் நகரத்து அடுக்ககங்களில் ஓர் அறையின் நீளம் 12 அடி, அதாவது சுமார் 3.6 மீட்டர். இந்த அளவுள்ள இரு சுவர்களுக்கு இடையே 47 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி தேங்கி நிற்கும். சுவரோரம் அமர்ந்தால் அது இரைச்சலாகப் பெருகும்; அறையின் நடுவில் அமர்ந்தால் ஏறக்குறைய மறைந்தே போகும். பளிங்குத் தரையும் வெற்றுச் சுவரும் உயர்ந்த ஒலிகளைத் திருப்பியடித்து, பாடகரின் சொற்களைக் குழப்புகின்றன. மும்பை சயான் பகுதியிலுள்ள சண்முகானந்த அரங்கில் 2,700க்கும் மேற்பட்ட இருக்கைகள் உள்ளன. அத்தகைய அரங்கின் விசாலத்தைப் பதிவிலிருந்து மீட்டுத் தருவதாகச் சொல்லும் ஒலிபெருக்கி, இத்தகைய அறையில் தன் திறமையில் பாதியைக்கூடக் காட்ட இயலாது. ஹெட்போனுக்கோ அறையே இல்லை. காதுக்கும் கருவிக்கும் இடையே குறுக்கிட வேறெதுவும் இல்லாததால், கொடுத்த விலையின் பயன் நேரே செவிக்கு வந்து சேர்கிறது.

இரண்டாவது காரணம் நேரமும் அக்கம்பக்கமும். பணிக்குச் செல்வோருக்கு நிம்மதியாக இசை கேட்கக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் இரவு பத்து மணிக்குப் பிறகே. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வகுத்துள்ளன. தனியார் ஒலிக் கருவியின் ஓசை, வீட்டின் எல்லையில் அந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் மீறலாகாது என்பதும் விதி. இரவு என்பது அந்த விதிகளின்படி பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. ஒரே சுவரை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் அடுக்ககத்தில், விதி இல்லாவிட்டாலும் நாகரிகம் தடுக்கும். அப்படியானால் ஒலியைக் குறைத்துக் கேட்டால் என்ன என்று கேட்கலாம். ஒலி குறையும்போது நம் செவி தாழ்ந்த சுரங்களையே மற்றவற்றைவிட அதிகமாக இழக்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து காட்டினர். பெரிய ஒலிபெருக்கியின் பெருமையே அதன் தாழ்ந்த ஒலியில்தான் இருக்கிறது. அதை இழந்த பின் பெரிய விலைக்கு என்ன பொருள்?

மூன்றாவது காரணம் இடமாற்றம். எங்களைப் போன்ற வங்கி அலுவலர்களும், மத்திய அரசு ஊழியர்களும், படைத்துறையினரும், வாடகை வீட்டில் வாழும் தனியார் ஊழியர்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுகிறோம். குறைந்தபட்சம் வீடாவது மாறுகிறோம். ஒரு கூடத்துக்கு ஏற்றபடி தேர்ந்த ஒலிபெருக்கி அடுத்த கூடத்துக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. சரக்கு வண்டியில் அது படும் பாடு வேறு. ஹெட்போன் குவாஹாட்டியிலும் கொச்சியிலும் ஒரே குரலில் பாடும்.

வணிகவியல் பயின்றோர் நன்கறிந்த குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி இங்கும் செல்லும். 2,000 ரூபாய்க் கருவியிலிருந்து 10,000 ரூபாய்க் கருவிக்கு ஏறும்போது தெரியும் வேறுபாடு எவர் காதுக்கும் எட்டும். ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சத்துக்கு ஏறும்போது கிடைப்பது நுண்ணிய வேறுபாடு. அந்த நுண்மையை உணர அமைதி வேண்டும். நம் நகர வீடுகளில் கிடைத்தற்கரிய பொருள் அதுவே. ஹெட்போனில் இந்த உயர்ந்த படியைச் சிறிய தொகையிலேயே எட்டிவிடலாம். நீடித்த உழைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். சென்ஹைசர் நிறுவனத்தின் எச்.டி. 600 என்ற ஹெட்போன் 1997இல் அறிமுகமானது. அதன் காதுறைகளையும் கம்பியையும் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம். மாறாக, கம்பியில்லாப் புளூடூத் வகைகளில் மின்கலம் தேயத் தேயக் கருவியின் ஆயுளும் தேய்கிறது. பல ஆண்டுகளுக்கென்று வாங்குவோர் கம்பியுள்ள வகையைக் கருதிப் பார்ப்பது நலம். எச்.டி. 600 போன்று 300 ஓம் மின்தடை கொண்டவற்றைக் கைப்பேசியால் முழுமையாக இயக்க இயலாது. தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அதன் விலையையும் தொடக்கத்திலேயே கூட்டிக்கொள்ள வேண்டும்.

எதிர்த்தரப்பின் வாதமும் வலுவற்றதன்று. ஒலிபெருக்கியில் வலப்புற ஒலி இடக்காதுக்கும், இடப்புற ஒலி வலக்காதுக்கும் சற்றுத் தாமதித்துச் சேர்கிறது. அதனால் பாடகர் நமக்கு முன்னே அமர்ந்திருப்பதாக மனம் கொள்கிறது. ஹெட்போனில் அந்தக் கலப்பு இல்லாததால், இசை தலைக்குள்ளேயே நிகழ்வதுபோல் தோன்றும். மிருதங்கத்தின் அதிர்வை மார்பால் உணரும் அனுபவமும் அதில் இல்லை.

இவற்றைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நம் வீடுகளில் பிள்ளைகள் இசையை அறிந்தது, யாரும் உட்கார வைத்துக் கேட்கச் சொன்னதால் அன்று. சமையலறை வேலைக்கும் பள்ளிப் புறப்பாட்டுக்கும் நடுவே தானாகக் காதில் விழுந்ததால் அறிந்தார்கள். பாட்டியின் வானொலியில் ஒலித்த கீர்த்தனையின் ராகம், பெயர் தெரியாமலே பேத்தியின் நாவில் ஏறியது. ஒவ்வொருவரும் தத்தம் ஹெட்போனுக்குள் அடங்கிவிட்டால் அந்த வரவு நின்றுபோகும். தந்தையின் இசை எதுவென்று மகனுக்கும், மகனின் இசை எதுவென்று தந்தைக்கும் தெரியாமல் ஒரே கூரையின் கீழ் வாழ்வது நல்ல குடும்பத்துக்கு அழகன்று.

ஆகவேதான் ஒலிபெருக்கி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எளிய ஓர் இணை வீட்டில் இருக்கட்டும். கூடிக் கேட்பதற்கு உயர்தரம் நிபந்தனையன்று. இருப்பதிலிருந்து நல்லதைப் பெறும் வழிகளோ செலவற்றவை. இரு பெட்டிகளும் கேட்போரும் ஒரு சமபக்க முக்கோணமாக அமையட்டும். உச்ச ஒலி தரும் சிறு கூம்பு, அமர்ந்திருப்போரின் காது மட்டத்தில் இருக்கட்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் சற்று முன்தள்ளி வைக்கலாம். கனத்த திரைச்சீலை, தரையில் ஒரு விரிப்பு, நிறைந்த புத்தக அலமாரி ஆகிய மூன்றும் செய்யும் நன்மையை விலையுயர்ந்த கம்பிகள் செய்யமாட்டா.

ஹெட்போனைப் பரிந்துரைப்போருக்கு ஒரு கடமையும் உண்டு. செவித்திறன் திரும்பப் பெற இயலாத முதல். உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு என்கிறது. சிறுவர்களுக்கு அது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 90 டெசிபலில் வாரம் முழுவதற்கும் நான்கு மணி நேரமே மிஞ்சும். கூட்டு வட்டி எவ்வளவு விரைவில் வளரும் என்று வாடிக்கையாளர்களுக்கு எடுத்துச் சொல்லும் எங்களுக்கு, இந்தக் கரைவின் வேகம் அச்சம் தருகிறது. மின்சார ரயிலின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவதைவிட, பயணத்தில் புற இரைச்சலைத் தணிக்கும் வகையை அணிவதும், உயர்தர இசையை வீட்டின் அமைதிக்கென ஒதுக்கி வைப்பதும் அறிவுடைமை. இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் கேட்கும் அளவைக் கணக்கிட்டுக் காட்டும் வசதி உண்டு. வங்கிக் கணக்கைப் பார்ப்பதுபோல் அதையும் அவ்வப்போது பார்க்கலாம்.

இறுதியாக, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. மூன்று லட்சம் ரூபாய் விலையுள்ள ஒலியமைப்பை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில், மூன்றாண்டுத் தனிநபர்க் கடனில் வாங்கினால், மாதத் தவணை சுமார் 9,964 ரூபாய். முடிவில் வட்டி மட்டும் ஏறத்தாழ 58,700 ரூபாய். நல்லதொரு ஹெட்போனின் விலை அதிலேயே அடங்கிவிடும். மாறாக, மாதம் 8,000 ரூபாயைத் தொடர் வைப்பில் இட்டு, வட்டி 6.5 சதவீதம் என்று கொண்டால், அதே மூன்றாண்டில் சுமார் 3,18,000 ரூபாய் கையில் இருக்கும். ‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரத்தையும் நின்று நிதானித்துப் படிக்க வேண்டும். வட்டியே இல்லாத கடன் என்பது இல்லை என்றும், அது செயலாக்கக் கட்டணத்தில் மறைக்கப்படுவதுண்டு என்றும் ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்கு எழுதியது. வீடும் கல்வியும் கடனுக்கு உரியவை. வாங்கிய நாளிலிருந்தே மதிப்புக் குறையும் பொருளுக்குச் சேமிப்பே உரியது.

சேமிக்கும் அந்த மூன்றாண்டுகள் வீணாவதில்லை. பலமுறை கேட்டு மனப்பாடமான நான்கைந்து பாடல்களுடன் கடைக்குச் சென்று, இருவகைக் கருவிகளையும் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். கடையின் அறை ஒலிக்கென்றே அமைக்கப்பட்டது; உங்கள் கூடம் அப்படியன்று என்பதை மட்டும் மறவாதீர்கள். ஓய்வு பெற்றுச் சொந்த வீட்டில் நிலைகொண்டு, ஓர் அறையைத் தனியே ஒதுக்க முடிகிற நாளில், பெரிய ஒலிபெருக்கிகளைத் தயக்கமின்றி வாங்குங்கள். அவற்றைக் கேட்டு மகிழக் கூர்மையான செவி அன்றைக்கும் இருக்க வேண்டும். அதைக் காப்பது இன்றைய பொறுப்பு.