புகையை ரோட்டுக்குத் தள்ளினால் போதுமா?

எங்கள் கோவையில் மோட்டார், பம்ப், கிரைண்டர் என்று சின்னச் சின்னப் பட்டறைகளை நம்பித்தான் எத்தனையோ குடும்பங்கள் சாப்பிடுகின்றன. என் வீட்டுக்காரரும் லேத் ஓட்டுகிறவர்தான். அதனால், பட்டறையை மூடு என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால், பிளேட்டிங், பெயின்ட்டிங் பட்டறைகளில் நடப்பது சரியா? சுவரில் ஓட்டை போட்டு, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டி, புகையை அப்படியே தெருவுக்குத் தள்ளி விடுகிறார்கள். எங்கள் தெருவில் பெயின்ட் அடித்த சாமானை ஓவனில் வைத்துவிட்டால் போதும், தின்னர் நெடி மூக்கைத் துளைக்கும். கேட்டால், 'காத்துல போயிருமுங்க அக்கா' என்கிறார்கள். காற்றில் போவது எங்கே போகும்? நம்ம பிள்ளைகள் நெஞ்சுக்குள் தானே!

குரோமியம் பிளேட்டிங் தொட்டியில் கரண்ட் விட்டதும் குமிழி கிளம்பும். அது உடையும்போது அமிலம் கண்ணுக்குத் தெரியாத தூறலாகக் காற்றில் கலக்கும். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் வரவழைக்கக் கூடியது. பாதுகாப்பில்லாமல் சுவாசித்து வந்தால் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையே விழலாம். தெருவில் இருக்கிற நமக்கு முன்னால், தொட்டி பக்கத்தில் நிற்கிற தொழிலாளியைத்தான் அது பிடிக்கும். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே?

வழி இல்லாமல் இல்லை. தொட்டியில் அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் பந்துகளை மிதக்க விட்டாலே தூறல் குறையும். தொட்டி விளிம்பிலேயே புகையை உறிஞ்சி, தண்ணீர் தெளிக்கும் ஸ்கரப்பரில் கழுவி வெளியே விடலாம். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது, அதையும் சுத்தம் செய்ய வேண்டும். தின்னர் கலந்த பெயின்ட்டுக்குப் பதில் பவுடர் கோட்டிங் செய்தால் தின்னரே தேவையில்லை. சிதறும் பவுடரை ஃபில்டரில் பிடித்து மறுபடி உபயோகிக்கலாம்.

1981ம் வருஷத்துக் காற்று மாசு தடுப்புச் சட்டப்படி, பிளேட்டிங் பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வேண்டும். அதிகாரிகள் காகிதத்தை மட்டும் பார்க்காமல், ஃபேனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

கூலிக்கு வேலை எடுத்துச் செய்கிற சின்ன முதலாளிக்கு இது செலவுதான். ஆர்டர் கொடுக்கிற பெரிய கம்பெனிகள், பீஸுக்கு இத்தனை என்று ரேட்டை அடித்துப் பேசுவதை விட்டு, இந்தச் செலவுக்கும் சேர்த்துக் கூலி கொடுக்கட்டும். பளபளப்பு அவர்களுக்கு, இருமல் மட்டும் நமக்கா?

சகோதரிகளே, தெருவில் தனியாக ஒருத்தி போய்க் கேட்டால் சண்டை என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து, 'தொழில் நடக்கட்டும், புகையை அடக்குங்க' என்று கேட்டால் யாரும் தட்ட முடியாது. என்ன, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, கோவை.