எக்கியின்மேல் ஏற்றும் பழி

உருளிகளுக்கு மாறாகப் பட்டைகளில் ஊரும் சிறு மண்ணள்ளிப் பொறியின் முன்னே பூட்டிய குழிதோண்டியோ பெருக்குகருவியோ அசையாது நின்றால், பலரும் முதற்கண் ஐயுறுவது எண்ணெயை உந்தும் எக்கியையே. விலைமிக்க அவ்வுறுப்பை மாற்றிய பின்னும் கருவி அசையாது கிடக்கும். இஃது ஆய்வன்று, குருட்டடி.

பொறியின் தூக்குகைகள் வழக்கம்போல் உயர்ந்து தாழ்கின்றனவா என்று பார்க்க. அவற்றிற்கும் முன்பூட்டிய கருவிக்கும் பெரும்பாலும் ஒரே எக்கியே எண்ணெய் ஊட்டுகின்றது. கைகள் செவ்வனே இயங்கின், எக்கிமேல் குற்றமேது?

எண்ணெய்க்கு வழிதிறப்பது மின்காந்தச் சுருள். ஆகலின் மின்வழியையே முன்னர் நாடுதல் வேண்டும். உருகியிழை அறுந்திருக்கலாம், இணைப்பியின் முளைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம். அளவி 12 வோல்ட்டு காட்டிற்றென்று மகிழ்தலும் ஆகாது. புரிகள் அற்று ஓரிழையில் தொங்கும் கம்பியும் மின்னோட்டம் பாயாதபோது அதே அளவைக் காட்டும்! சிறு விளக்கொன்றை இணைத்து எரியவிட்டால் பொய் வெளிப்படும். சுருள் உயிர்பெற்றதாயின் அருகே நீட்டிய திருப்புளியின் நுனியை இழுக்கும்.

இழுத்தும் கருவி அசையாவிடினே எண்ணெய்வழியைப் பழித்தல் முறை. ஆண்டும் முதற் குற்றவாளி, முழுதும் பொருந்தாத குழாய்ப் பூட்டே. அரைகுறையாய்ப் பூட்டினால் கருவி தளரும், எண்ணெய் கொதிக்கும்.

கசிவைக் கையால் தடவித் தேடுவோரை என்னென்பது? நுண்டுளையிற் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். தெரிவது ஊசிப்புள்ளி ஒன்றே. நோவும் முதலில் மிகாது. உடனே அறுவை மருத்துவரிடம் செல்லாவிடின் விரலையோ கையையோ இழக்க நேரும். அட்டைத்துண்டை நீட்டித் தேடுக.