சிங்கம் இல்லாத வெனிஸ்

2025 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவின் பரிசுகள் அறிவிக்கப்பட்டதும் ஒரு சர்ச்சை எழுந்தது. முதற்பரிசான தங்கச் சிங்கம் ஜிம் ஜார்முஷ் இயக்கிய 'ஃபாதர் மதர் சிஸ்டர் பிரதர்' படத்துக்குச் சென்றது. துனீசிய இயக்குநர் கவ்தர் பென் ஹனியாவின் 'த வாய்ஸ் ஆஃப் ஹிந்த் ரஜப்' அதற்கடுத்த நடுவர் குழுப் பெரும் பரிசைப் பெற்றது. வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையில் நிலவும் விலகலைப் பேசுவது முதற்படம். 2024 ஜனவரியில் காஸாவில் கொல்லப்பட்ட ஒரு சிறுமி, உதவி கோரித் தொலைபேசியில் பேசிய மெய்யான குரலின் மீது எழுப்பப்பட்டது இரண்டாவது. இவ்விரண்டையும் எந்தத் தராசில் நிறுப்பது? நிறுக்க இயலாதென்றால் போட்டி எதற்கு?

இக்கேள்வி புதிதன்று. இதே வெனிஸ் ஒருமுறை போட்டியைக் கைவிட்டே பார்த்திருக்கிறது.

1932இல் தொடங்கிய இவ்விழாவே உலகத் திரைப்பட விழாக்களில் மூத்தது. அதன் பரிசு வரலாற்றில் கறையும் உண்டு. 1938இல் முசோலினியின் பெயரால் வழங்கப்பட்ட கோப்பை, லெனி ரீஃபென்ஸ்டாலின் 'ஒலிம்பியா'வுக்கும் ஓர் இத்தாலிய விமானிப் படத்துக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதன்மீது எழுந்த வெறுப்பே கான் விழாவுக்கு வித்திட்டது. 1968இல் ஐரோப்பா எங்கும் மாணவர் கிளர்ச்சி பரவியபோது, பாசிசக் காலத்து விதிகளின்படியே வெனிஸ் விழா இன்னும் நடக்கிறது என்று இத்தாலியத் திரைக்கலைஞர்கள் போர்க்கொடி உயர்த்தினர். கலையைத் தரவரிசைப்படுத்துவது இழிவு என்ற குரலும் உடன் ஒலித்தது. விளைவாக, 1969 முதல் 1979 வரை தங்கச் சிங்கம் எவருக்கும் வழங்கப்படவில்லை.

அந்தப் பதினோரு ஆண்டுகளில் விழா செழித்ததா? 1973, 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் விழாவே நடைபெறவில்லை. பரிசு இல்லாமை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். நிர்வாகக் குழப்பங்களும் அரசியல் பூசல்களும் இருந்தன. ஆயினும் 1980இல் சிங்கம் திரும்பி வந்தது. பரிசை அகற்றிவிட்டால் எல்லாப் படங்களும் சமமாகிவிடும் என்பது ஒரு மயக்கம். பரிசில்லாத கூடத்தில் ஏற்கெனவே புகழுடையவரையே கண்கள் தேடும்; பெயர் தெரியாதவன் பெயர் தெரியாதவனாகவே ஊர் திரும்புவான்.

1951ஐ எண்ணிப் பாருங்கள். 'ரஷோமான்' படத்தை அதைத் தயாரித்த நிறுவனத்தின் தலைவரே விரும்பவில்லை. இத்தாலியப் படங்களை ஜப்பானில் விநியோகித்து வந்த ஜூலியானா ஸ்ட்ராமிஜோலி என்ற பெண்மணி அதை வெனிஸுக்குப் பரிந்துரைத்தார். தம் படம் போட்டிக்குச் சென்றதே குரோசவாவுக்குத் தெரியாது. தங்கச் சிங்கம் கிடைத்ததும் மேற்குலகம் ஜப்பானிய சினிமாவின் பக்கம் திரும்பியது. 1989இல் ஹௌ சியாவ்-சியென்னின் 'எ சிட்டி ஆஃப் சாட்னெஸ்' அதே பரிசை வென்றது. 1947 பிப்ரவரி 28 அன்று தைவானில் தொடங்கிய எழுச்சியும் அதையொட்டிய படுகொலையும், 1987 வரை நீடித்த இராணுவச் சட்டத்தின் கீழ் வாய்திறந்து பேச முடியாதவையாக இருந்தன. அந்த மௌனத்தை உடைத்த படத்துக்கு உலகின் கவனத்தைப் பெற்றுத் தந்தது அப்பரிசு.

விழாக்களின் சுவையறிந்து, அதற்கென்றே சமைக்கப்படும் படங்கள் பெருகிவிட்டன என்பது மறுதரப்பின் வாதம். அது உண்மைதான். பத்துப் பதினோரு நாட்களில் இருபது படங்களைப் பார்க்கும் ஏழெட்டுப் பேர் தம்முள் எட்டும் உடன்பாடு, காலத்தின் தீர்ப்பு ஆகிவிடாது என்பதும் உண்மைதான். ஆகவே, 'இதுதான் சிறந்த படமா?' என்று பரிசைப் பார்த்துக் கேட்பதே வீண். 'இப்பரிசு இல்லையென்றால் நம்மை வந்தடைந்திருக்காத எதை இது கொண்டுவந்து சேர்த்தது?' என்பதே கேட்கத் தக்கது.

அவ்வகையில் 1951உம் 1989உம் வெனிஸின் பெருமைக்குரிய ஆண்டுகள். 2025ஐ அவ்வாறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜார்முஷ் தகுதியற்றவர் அல்லர். நாற்பதாண்டுகளாக அறியப்பட்ட அவருக்குச் சிங்கம் இன்னுமோர் அணிகலன், அவ்வளவே. ஹிந்த் ரஜப் படத்துக்கு ஹாலிவுட் பிரபலங்கள் சிலரின் துணை இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும், எல்லா நாடுகளிலும் கதவு எளிதில் திறக்கும் படமன்று அது. மூடிய கதவைத் தட்டுவதற்காகத்தான் சிங்கத்தை வெனிஸ் திரும்ப அழைத்துக்கொண்டது என்று நம்பவே விரும்புகிறேன்.