தாய் கொண்டுபோனாலும் தகப்பன் கொண்டுபோனாலும் கடத்தல் கடத்தல்தான்



"பெத்த தகப்பன்தானே கொண்டு போனவர், அதுக்கென்ன கடத்தல்?" "தாயோடதானே பிள்ளை நிக்குது, பிறகென்ன?" எங்கட தீவுப் பக்கத்தில் இந்தக் கதையைக் கேட்காத ஆக்கள் குறைவு.

கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று சிதறிக்கிடக்கிற ஊர் எங்கட ஊர். "திருவிழாவுக்குப் போயிட்டு வாறம்" என்று பிள்ளையைக் கூட்டிவந்து திரும்பிப் போகாமல் நிற்பதும், இங்கிருந்து மற்றவருக்குச் சொல்லாமல் பிள்ளையை விமானம் ஏற்றுவதும் ஒன்றுதான். அம்மம்மாவோ அப்பம்மாவோ துணைபோனால் அது பாசம் ஆகிவிடாது.

இதைச் சட்டமே சொல்லுது. 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இலங்கை 2001இல் சேர்ந்து, அதே ஆண்டு 10ஆம் இலக்கச் சட்டத்தையும் நிறைவேற்றியது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை, பராமரிப்பு உரிமையுள்ள மற்றவரின் சம்மதமில்லாமல் வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதும் பிழை, அங்கேயே மறித்து வைத்திருப்பதும் பிழை. பிள்ளை ஆரோடு இருக்க வேணும் என்று அந்தச் சட்டம் தீர்ப்பதில்லை. பிள்ளை வழமையாக வாழ்ந்த நாட்டு நீதிமன்றம் அதைத் தீர்க்கட்டும் என்கிறது.

"அடி உதைக்குத் தப்பி வந்த தாய் என்ன செய்யிறது?" நியாயமான கேள்வி. திருப்பி அனுப்பினால் பிள்ளைக்குப் பாரதூரமான ஆபத்து என்றால் நீதிமன்றம் மறுக்க இடமிருக்கு. அதை நீதிமன்றத்துக்கு முன்னால் சொல்ல வேணும். ஒளித்து வைத்துச் சாதிக்க ஏலாது.

"ஆறப்போடுங்கோ, பெரியாக்கள் கதைச்சு முடிப்பம்" என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. ஒரு வருடம் கடந்தபின் விண்ணப்பித்தால், பிள்ளை புது இடத்தில் ஊன்றிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பாமல் விடலாம்.

செய்ய வேண்டியவை:

1. பயம் இருந்தால் முதலே சட்டத்தரணியைப் பிடித்து, பிள்ளை நாட்டைவிட்டுப் போகாமல் நீதிமன்றக் கட்டளை கேளுங்கோ. பிள்ளைக்கு வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கோ.

2. பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டுப் பிரதி, புதுப் படம், வழக்குக் கட்டளைகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

3. கொண்டுபோய்விட்டால் அன்றைக்கே பொலிஸுக்குப் போங்கோ. நீதி அமைச்சுக்கு விண்ணப்பியுங்கோ. கையில் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம் இருக்கு.

4. இந்தியா இந்த உடன்படிக்கையில் இல்லை. அங்கே கொண்டுபோனால் இந்த வழி உதவாது, அந்த நாட்டு நீதிமன்றம்தான் கதி. ஆகவே முன்கூட்டித் தடுப்பதே பெரிது.

5. ஆள் பிடித்துப் பிள்ளையைத் திருப்பித் தூக்க வெளிக்கிடாதேங்கோ. உங்கட வழக்கை நீங்களே கெடுப்பியள்.

ஊராக்களிட்ட ஒன்று கேட்கிறன். "கொஞ்ச நாளைக்குப் பிள்ளையை உங்கட வீட்டில் வைச்சிருங்கோ, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று ஆராவது வந்தால், மாட்டன் என்று சொல்லுங்கோ. தாயும் தகப்பனும் சண்டை பிடிக்கலாம். பிள்ளை அவையின்ர சீதனக் காணி இல்லை.