ஆர்வமில்லை என்பது பொய்

கிராமத்துப் பிள்ளைகளுக்கு சி.ஏ. படிப்பில் ஆர்வமில்லை என்று நகரத்து ஆடிட்டர்கள் சலித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தை நினைத்துப் பார்த்தால், இது அநியாயமான பேச்சு.

அந்த மாவட்டத்தின் கல்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பழங்குடி மாணவி ஒருத்தி பிளஸ் 2-வில் வணிகவியல் எடுக்கிறாள் என்று வையுங்கள். பற்றும் வரவும் பேரேடும் இருப்பாய்வும் அவளுக்குத் தமிழில்தான் பழக்கம். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் சி.ஏ. தேர்வையோ ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம். தமிழில் எழுத வழியில்லை. டாக்டராவதற்கான நீட் தேர்வே 13 மொழிகளில் நடக்கிறது. தமிழும் அதில் உண்டு. தொழிலுக்கு ஆங்கிலம் வேண்டுமே என்பார்கள். வேண்டும்தான். இந்தியில் எழுதித் தேறுகிறவருக்கு மட்டும் அது வேண்டாமா?

2025 ஜனவரியில் கழகத்தார் பொங்கலன்றே சி.ஏ.வின் முதல் நிலையான ஃபவுண்டேஷன் தேர்வின் ஒரு தாளை வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு 16-ஆம் தேதிக்குத் தள்ளினார்கள். பொங்கலே கண்ணில் படாதவர்களுக்குக் கல்வராயன் மலையின் வெள்ளிமலை எங்கே படப்போகிறது?

மொழியைவிடப் பெரிய தடை பணம். ஆடிட்டரிடம் பெற வேண்டிய பயிற்சியான ஆர்டிகிள்ஷிப்பை 2023-இல் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைத்தது நல்ல காரியம். ஆனால் அந்தக் காலத்துக்கான குறைந்தபட்ச உதவித்தொகை ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது. சின்ன ஊருக்குச் சின்னத் தொகை. கள்ளக்குறிச்சியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தால் சென்னையைவிடக் குறைவு. சென்னைக்கே போனால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கட்டாது. அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்கு வெளியூர் போகிற வீட்டில், பி.காம். முடித்த பிள்ளை அரிசி ஆலையிலோ சேகோ ஃபேக்டரியிலோ டேலி மென்பொருளில் கணக்குப் போட உட்கார்ந்துவிடுகிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. அப்பாவே ஆடிட்டராக இருக்கும் வீட்டில் இந்த இரண்டு ஆண்டு ஒரு பொருட்டே அல்ல. அந்தப் பிள்ளையின் வசதிக்கு ஆர்வம் என்றும், இந்தப் பிள்ளையின் அவசரத்துக்கு ஆர்வமின்மை என்றும் பெயர் வைப்பது நேர்மையல்ல. கணக்கில் நேர்மையைச் சான்றளிக்கும் தொழிலுக்கு இது அழகும் அல்ல.

குற்றம் முதலில் கழகத்தின் மீது. ஃபவுண்டேஷன் வினாத்தாளையாவது அது தமிழில் தர வேண்டும். ஊரின் அளவைப் பார்த்து உதவித்தொகையைக் குறைப்பதை நிறுத்த வேண்டும். மாநில அரசும் கைகழுவ முடியாது. ஆர்டிகிள்ஷிப்பில் இருக்கும் பழங்குடி, ஆதிதிராவிட மாணவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டும் விடுதிச் செலவை அரசே ஏற்க வேண்டும். வரும் பட்ஜெட்டிலேயே அதற்குப் பணம் ஒதுக்கலாம்.