நடுமுன்னும் பிடுங்குமுன்னும்

மழைக்காலம் நெருங்கிவிட்டால் மரக்கன்று நடும் வைபவங்களுக்குக் குறைவிருப்பதில்லை. பந்தலும் ஒலிபெருக்கியும் சகிதமாக ஊர்ப் பிரமுகர்கள் ஏரிக்கரைக்குச் சென்று, அங்கே தாமாக முளைத்து நிற்கும் புதர்களை வெட்டிச் சமன்செய்து, எங்கிருந்தோ லாரியில் வந்திறங்கிய கன்றுகளை அந்த இடத்தில் ஊன்றி, நீர் வார்த்து, புகைப்படமும் எடுத்துக்கொண்டு திரும்புவதைக் காணும்போதெல்லாம், வெட்டுண்டவை இன்னவை என்று அந்தக் கூட்டத்தில் ஒருவராவது கேட்டறிந்தாரா என்னும் சந்தேகம் எனக்கு எழுவதுண்டு. கன்று நடுவது நற்காரியந்தான். ஆனால் ஓரிடத்தில் என்ன நிற்கிறது என்று அறியாதவர்கள் அங்கே எதையும் நடவோ பிடுங்கவோ முற்படலாகாது என்பது என் அபிப்பிராயம்.

பிடுங்குவதையே முதலில் எடுத்துக்கொள்வோம். சீமைக் கருவேலத்தை அகற்றும்படி 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அம்மரம் பெருந்தொல்லை என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் விருத்தாசலத்தில் ஸ்தல விருட்சமாக நாம் வலம்வருகிற வன்னி அதற்கு நெருங்கிய சுற்றம் என்பதும், இரண்டுக்கும் பொடிப்பொடியான இலைகளும் முள்ளும் மஞ்சள் நிறப் பூங்கதிர்களும் உண்டு என்பதும், பொக்லைன் இயந்திரத்தை ஏவுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? வித்தியாசம் காண்பதற்குச் சாஸ்திர ஞானம் எதுவும் தேவையில்லை. சீமைக் கருவேலத்தின் முள் இலைக் கணுவிலேயே, பெரும்பாலும் இரண்டிரண்டாக, நீண்டு நேராக நிற்கும். வன்னியின் முள்ளோ கணுவை விட்டு விலகி, இரு கணுக்களுக்கு இடைப்பட்ட பட்டையில் அங்கங்கே சிதறி, அடி பருத்துக் குட்டையாக இருக்கும். கிளையொன்றைக் கையில் பிடித்துப் பார்க்கும் பொறுமை ஒன்றே போதும்.

அந்தப் பொறுமையைப் பழகிக்கொள்ள உத்தமமான இடங்கள் நம் கோயிற்காடுகள். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காட்டுக்குள் நுழைகிறவருக்கு முதலில் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தோன்றும். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கின்றனவா, ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி நிற்கின்றனவா, காம்பைக் கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கி முகர்ந்தால் மணமுண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால், அந்தப் பச்சை சிறிது சிறிதாகப் பிரிந்து, தடித்த இலைகள் எதிரெதிராக நிற்க, இலையுதிர்ந்த கணுக்களில் நீலப்பூக்கள் மொய்த்திருக்கும் காசான் ஒன்றாகவும், இலைக்கோணத்தில் முள்ளோடு நிற்கும் குருந்து மற்றொன்றாகவும் புலப்படத் தொடங்கும். குருந்தின் இலையைக் கதிரவனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தினாற்போன்ற ஒளிப்புள்ளிகள் உடலெங்கும் தெரியும். கசக்கினால் எலுமிச்சை மணக்கும். அதனாலேயே அதைக் காட்டெலுமிச்சை என்றும் ஜனங்கள் அழைக்கிறார்கள். படமெடுத்தவுடன் பெயர் சொல்லும் கைபேசிச் செயலிகளை நான் வெறுப்பவனல்லன். ஆனால் மணமும் பாலும் படத்தில் விழுவதில்லை.

எல்லாவற்றையும் கிள்ளிப் பார்த்துவிடலாம் என்றும் எண்ணிவிடக் கூடாது. பிச்சாவரத்து உப்பங்கழியில் தில்லை மரம் நிற்கிறது. சிதம்பரத்தின் ஸ்தல விருட்சமாகிய அதே தில்லைதான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஹானி. முதிர்ந்து சிவக்கும் இலைகளைக் கொண்டு எட்ட நின்றே அதை இனங்காணலாம். அக்கம்பக்கத்து மரங்களுக்கு வேரே அடையாளம்: தண்டிலிருந்து வளைந்து இறங்கிக் கால்போல் ஊன்றி நிற்பது சுரபுன்னை, சேற்றிலிருந்து பென்சில்களைப் போல நூற்றுக்கணக்கில் மூச்சுவேர்களை நிமிர்த்துவது வெண்கண்டல்.

நடுவதிலும் இதே கதைதான். 2004 கடற்கோளுக்குப் பின் கடற்கரையைக் காக்கும் நல்லெண்ணத்தோடு பல இடங்களில் மணல்மேட்டின்மீது சவுக்கை நட்டார்கள். மணலைப் பிடித்து நிறுத்தும் வேலையை அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் வெகுகாலமாகச் செய்துவந்தன என்பதையோ, சவுக்குத் தோப்பின் நிழலும் சருகும் அவற்றை மேலெழ விடா என்பதையோ அப்போது யோசித்தவர்கள் சிலரே. சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பின் கதி இன்னும் மோசம். கோரையும் சம்பும் பொடுதலையும், கணுவுக்குக் கணு முள் சூழ நீலச்சிவப்பாகப் பூக்கும் நீர்முள்ளியும் விளங்கும் சதுப்பு, பார்ப்பவர் கண்ணுக்குப் பாழ்நிலமாகத் தெரிந்தபடியால் நகரத்தின் குப்பையைத் தாங்கிற்று. 2022-ல்தான் அதற்கு ராம்சார் ஈரநில அந்தஸ்து கிடைத்தது.

ஓரிடத்தில் நிற்பவற்றை எழுதிவைக்கச் சட்டமில்லாமல் இல்லை. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் குழு அமைத்து, தன் எல்லையிலுள்ள தாவரங்களையும் பிராணிகளையும் மக்கள் பதிவேட்டில் எழுத வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்த பிறகு அவசர அவசரமாக நிரப்பப்பட்ட ஏடுகள், பெட்டியில் உறங்குவதற்கு மட்டுமே பிரயோஜனப்படும். தாவரவியலார் காம்பிள் 1915-ல் வெளியிடத் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலும், திருச்சி ராபினட் உலர்தாவரக் கூடத்தில் மாத்யூ பாதிரியார் உருவாக்கிய தொகுதிகளும் சாஸ்திரப் பெயருக்குத் துணை நிற்கும். ஆனால் இந்தப் புதரை ஆடு கடிக்குமா, எந்த மாதத்தில் பழுக்கும் என்பவற்றை மேய்ச்சல்காரரிடந்தான் கேட்க வேண்டும். மழை முடிந்ததும் ஒரு முறையும், ஏரி வற்றும் கோடையில் ஒரு முறையுமாவது, பள்ளிப் பிள்ளைகள் உடன்வர அவரை முன்னே நடக்கவிட்டு உள்ளாட்சிக் குழு அந்த ஏட்டைத் திருப்பி எழுதட்டும். அதற்குப் பிறகே அங்கே குழி வெட்ட அனுமதி தரட்டும். குழி வெட்டுகிறவருக்குக் கூலி கொடுக்கக் கணக்குத் தலைப்பு உண்டென்றால், வழிகாட்டி நடக்கும் ஆடுமேய்ப்பவருக்கும் அன்றைய கூலியை அதே தலைப்பில் கொடுத்துவிடலாம்.